ஆசிய மாணவர் இளைஞர் வாரம்: எங்கள் சபையில் எங்கிருந்து தொடங்குவது?

பொருநைக்கரை:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமச் சபையில் வாலிபர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். கல்லூரியில் எஸ்.சி.எம். (மாணவர் கிறிஸ்தவ இயக்கம்) கூட்டத்துக்குப் போய் வந்த என் தங்கை ஒரு விஷயம் சொன்னாள். ஆசிய பசிபிக் மாணவர் இளைஞர் வாரம் என்று ஒன்றை வருஷந்தோறும் அனுசரிக்கிறார்கள். ஒய்.எம்.சி.ஏ., ஒய்.டபிள்யூ.சி.ஏ., உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனம், கத்தோலிக்க மாணவர் இயக்கங்கள், ஆசியக் கிறிஸ்தவ மாமன்றத்து இளைஞர்கள் எல்லோரும் ஈஸிநெட் என்ற வலையமைப்பில் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு சமூகப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு அவரவர் ஊரில் ஜெபிக்கிறார்கள், படிக்கிறார்கள், கையால் ஏதாவது செய்கிறார்கள்.

நாமும் செய்யலாமே என்று கமிட்டியில் கேட்டேன். ஒரு பெரியவர், "நம்ம தெருச் சாக்கடையே இன்னும் சரியாகல, ஆசியா எதுக்குடே?" என்றார். இன்னொருவர், "கடைசில அரசியல்ல கொண்டுபோய் விட்டுருவீங்க" என்றார். குருவானவர் ஐயா மட்டும், "செய்யுங்க, ஆனா உருப்படியா செய்யுங்க" என்று சொல்லி ஐயாயிரம் ரூபாய் ஒதுக்கச் சொன்னார்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி எடுக்கலாம் என்று நினைக்கிறோம். இப்போதைக்குக் கையில் இருக்கும் திட்டம் பெரிய பேனர், வேதாகம வினாடி வினா, பாட்டுப் போட்டி, வெளியிலிருந்து ஒரு பேச்சாளர். இது போதாது என்று எனக்கே தெரிகிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய எஸ்.சி.எம்.காரன்:

தம்பி, "ஆசியா எதுக்கு" என்று கேட்ட பெரியவரிடம் இரண்டு பெயர்களைச் சொல்லுங்கள். ஒருவர் உங்கள் மண்ணுக்காரர், வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா. பின்னாளில் பேராயர் ஆனவர். ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராக இருந்தபோது, 1907இல் டோக்கியோவில் நடந்த உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தின் மாநாட்டுக்குக் கப்பலேறிப் போனார். இன்னொருவர் யாழ்ப்பாணத்துத் தமிழர், மெதடிஸ்ட் போதகர் டி.டி. நைல்ஸ். 1957இல் சுமாத்ராவில் தோபா ஏரிக்கரையில் இருக்கும் பிராபத்தில் ஆசியத் திருச்சபைகள் கூடி முடிவெடுத்து, 1959இல் கோலாலம்பூரில் கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாடு என்ற அமைப்பைத் தொடங்கியபோது, அதன் முதல் பொதுச்செயலாளர் அவர்தான். அதுவே 1973இல் ஆசியக் கிறிஸ்தவ மாமன்றம் என்று பெயர் மாறியது. அந்த அமைப்பு தொடங்கியதன் நினைவாக 1974 முதல் பெந்தெகொஸ்தே நாளுக்கு முந்தைய ஞாயிறு ஆசிய ஞாயிறாக அனுசரிக்கப்படுகிறது. நைல்ஸ் 1970இல் வேலூரில் காலமானார். இந்த ஆசியக் குடும்பத்தைக் கட்டிய கைகளில் தமிழ்க் கைகளும் உண்டு என்று பெரியவருக்குச் சொல்லுங்கள்.

அரசியல் என்று சொன்னவருக்கும் நேர்மையாகவே பதில் சொல்லுங்கள். மாமன்றத்தின் தலைமையகம் முன்பு சிங்கப்பூரில் இருந்தது. அரசியலில் தலையிடுகிறது என்று சொல்லி 1987 டிசம்பர் 30 அன்று அந்நாட்டு அரசு அதைக் கலைத்து வெளியேற்றியது. பல ஊர் மாறி இப்போது தாய்லாந்தில் சியாங் மாயில் இருக்கிறது. ஆக, அந்தப் பேச்சு உங்கள் கமிட்டியில் மட்டும் எழுந்ததல்ல. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. அதை ஒருமுறை கமிட்டியில் நிதானமாக வாசித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

வைகைக்கரை:

தம்பி, பேனரை விட்டுவிடுங்கள். ஒரு நோட்டு, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அங்கிருந்து தொடங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகும்.

நான் மதுரையில் படித்தபோது எஸ்.சி.எம்.மில் இருந்தேன். படிப்பு முடிந்த வருஷம், மாணவர் இயக்கங்களின் கூட்டம் ஒன்றுக்கு ஹாங்காங் அனுப்பினார்கள். ஐந்து நாள் அரங்குக்குள் உட்கார்ந்து புலம்பெயர் தொழிலாளர்களைப் பற்றிப் பேசினோம், அறிக்கை எழுதினோம். ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் பகுதியில் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் பேராலயத்தில் ஆராதனை. முடிந்து இறக்கத்தில் நடந்து வந்தால் சேட்டர் சாலை முழுக்கப் பெண்கள். ஞாயிறு அன்று அந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். பிலிப்பைன்ஸிலிருந்து வீட்டு வேலைக்கு வந்தவர்கள் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்து, சுற்றிலும் இடுப்பு உயரத்துக்கு அட்டையை நிறுத்தி டேப் ஒட்டி, சின்னச் சின்ன அறைகளாகக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு அட்டை அறைக்கும் வெளியே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஓர் அறையில் ஒருத்தி இன்னொருத்திக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் ஊருக்கு அனுப்பும் பெட்டிக்குள் சோப்பு, பற்பசை, டின் மீன் என்று அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுப் பணியாளர்கள் வேலை செய்யும் வீட்டிலேயே தங்கவேண்டும் என்பது அங்கே 2003 முதல் விதி. வாரம் ஒரு நாள் விடுமுறை சட்டப்படி உண்டு. ஆனால் அந்த ஒரு நாள் போய் உட்கார அவர்களுக்கென்று ஓர் இடம் கிடையாது. அப்படி வேலை செய்கிறவர்கள் அந்த ஒரு நகரத்தில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேல். இந்தோனேசியப் பெண்கள் விக்டோரியா பூங்காவில் கூடுவார்கள்.

ஓர் அக்கா என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு அட்டைக்குள் போய் உட்கார்ந்தேன். டப்பாவின் மூடியையே தட்டாக்கி, எலுமிச்சை போன்ற ஒரு சின்னக் காயைப் பிழிந்த சேமியாவை எனக்கு வைத்தார். ஊரில் பள்ளிக்கூட டீச்சராம். தன் மகளை ஊரில் விட்டுவிட்டு இங்கே ஒரு வீட்டின் பிள்ளைகளை வளர்க்கிறார். மகளின் படத்தைக் காட்டிவிட்டு, "உங்கள் ஊரிலிருந்தும் போகிறார்களா?" என்று கேட்டார். போகிறார்கள், என் தாய்மாமா சவுதியில் கொத்தனார் என்றேன். "அவருக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை.

ஊருக்கு வந்து அத்தையிடம் கேட்டேன். ஏழு மாதமாக வரவில்லை. பாஸ்போர்ட்டும் கம்பெனிக்காரன் கையில். அத்தை நகையை அடகு வைத்துப் பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டியிருக்கிறார், ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. எங்கள் ஆலயக் கோபுரம் கட்ட மாமா அனுப்பிய தொகை அவர் பெயரோடு கல்வெட்டில் இருக்கிறது. அவர் காணிக்கையை ஆராதனையில் நானே வாசித்திருக்கிறேன். அவருக்குச் சம்பளம் வந்ததா என்று எங்கள் சபையில் ஒருவர்கூட ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டது சாலையில் அட்டை விரித்து உட்கார்ந்திருந்த வேற்று நாட்டுப் பெண். உங்கள் பெரியவருக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான்.

அடுத்த வருஷம் அந்த வாரம் வந்தபோது ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் மேஜை போட்டோம். வீட்டில் யார் வெளிநாட்டில் இருக்கிறார், எந்த நாடு, என்ன வேலை, கடைசியாகப் பேசியது எப்போது என்று மட்டும் கேட்டோம். சம்பளத்தைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள், வாயை மூடிக்கொள்வார்கள். கடைசியாகப் பேசியது எப்போது என்று கேட்டால் அவர்களே நாற்காலியை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் சொல்வார்கள். ஒரு பாட்டி பேரன் பெயரைச் சொன்னார். எழுதி முடித்ததும் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தார். "சரியா இருக்கு" என்ற பிறகுதான் எழுந்தார்.

நாற்பத்தொரு பெயர் சேர்ந்தது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகளை ஆசீர்வதியும் என்று மொத்தமாக ஜெபிக்கவில்லை. சாயங்காலம் ஆறு ஆறு பெயராக, தம்மாமில் வெல்டர், குவைத்தில் டிரைவர் என்று ஊரும் வேலையும் சொல்லி ஜெபித்தோம். இரண்டாம் நாள் ஒரு தம்பி, "அண்ணன் ரூம்ல நேபாளிங்க ரெண்டு பேர், வங்காளதேசத்துக்காரர் ஒருத்தர் இருக்காங்களாம், அவங்களையும் சேத்துக்கலாமா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு வீட்டுக்காரர்கள் போன் பேசும்போது அறையில் இருப்பவர்களின் பெயரையும் கேட்டு வந்து சொன்னார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. எல்லோர் பெயரையும் வாசித்தோம்.

பாஸ்போர்ட் விஷயத்துக்கு ஒரு முழு சாயங்காலம் ஒதுக்குங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்குப் பெரும்பாலும் இ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் வகைப் பாஸ்போர்ட்தான். அதை வைத்துக்கொண்டு வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். "விசிட் விசால போ, அங்க போய் மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால், அந்த அனுமதியைத் தாண்டிப் போகச் சொல்கிறான் என்று அர்த்தம். ஒப்பந்தம் எதுவும் பதிவில் இருக்காது, நாளைக்குச் சம்பளம் நின்றால் காட்ட ஒரு காகிதம் இருக்காது. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட்டின் பதிவைச் சரிபார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் ஒன்றரை லட்சம் கட்டத் தயாராக இருந்தான். சங்கத்துத் தங்கச்சி ஒருத்தி தளத்தில் தேடிப் பார்த்தாள். அப்படி ஓர் ஏஜென்ட்டே பதிவில் இல்லை. பையன் பணம் கட்டவில்லை. அந்த வருஷம் வேறு எதுவும் நடக்காமல் போயிருந்தாலும் எனக்கு அது போதும்.

வினாடி வினாவுக்குப் பதிலாக ரூத் புத்தகத்தைப் படியுங்கள். பஞ்சம் வந்து பெத்லகேமை விட்டு மோவாபுக்குப் பிழைக்கப் போன குடும்பம் அது. போன ஆண்கள் மூவரும் திரும்பவில்லை. புருஷன் துபாயில் இருக்கும் ஓர் அக்காவைத்தான் எங்கள் படிப்பை நடத்தச் சொன்னோம். "நகோமி பேசுறது எங்க மாமியார் பேசுற மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் கொஞ்சநேரம் நிறுத்திவிட்டார். வெளிப் பேச்சாளர் எங்களுக்குத் தேவைப்படவில்லை. பாட்டு இருக்கட்டும், பாட்டு இல்லாமல் நம் சபையில் எது நடக்கும்? போட்டி மட்டும் வேண்டாம்.

மாமா இரண்டு வருஷம் கழித்துப் பாதிச் சம்பளத்தோடு திரும்பி வந்தார். இப்போது அந்த மேஜையில் ஒரு நாற்காலி அவருடையது. நாங்கள் கேட்கத் தெரியாமல் விடுவதை அவர் கேட்கிறார்.

பினாங்குத் தம்பி:

வணக்கம். இங்கே தமிழ் மெதடிஸ்ட் சபை வாலிபர் நான். எங்கள் தாத்தா பால்மரம் வெட்டத் தோட்டத்துக்கு வந்தவர். தமிழ்நாட்டிலிருந்து உணவகங்களில் வேலைக்கு வந்திருக்கும் அண்ணன்மார் சிலர் எங்கள் ஆராதனைக்கு வருவார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஞாயிறு லீவே இல்லாதவர்களும் உண்டு. இத்தனை நாள் கை குலுக்கியதோடு சரி. வைகைக்கரை அக்கா எழுதியதைப் படித்ததும் வெட்கமாகப் போய்விட்டது. பொருநைக்கரை அண்ணே, உங்கள் நோட்டில் மலேசியா என்று யாராவது இருந்தால் சொல்லுங்கள். போய்ப் பார்த்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு வருகிறோம்.

வைகைக்கரை:

சந்தோஷம் தம்பி. ஒன்று மட்டும், பெயரையோ வேலை செய்யும் இடத்தையோ இங்கே பொதுவில் போடாதீர்கள். வீட்டார் சம்மதித்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள். முதலாளி காதுக்குப் போனால் அங்கே இருக்கிறவருக்குத்தான் கஷ்டம்.

பொருநைக்கரை:

நேற்று மேஜை போட்டோம். பேனருக்கு வைத்திருந்த பணத்தில் எல்லோருக்கும் டீயும் சுண்டலும். அசரியா, நைல்ஸ் கதையை குருவானவர் ஐயா பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். பத்து நிமிஷம் ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. பிறகு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர், சாக்கடையைச் சொன்ன அதே பெரியவர். இரண்டாவது மகன் ஜோகூர் பாருவில் இருப்பது எனக்கே தெரியாது. கடைசியாகப் பேசியது எப்போது என்று கேட்டேன். "ஈஸ்டருக்கு" என்றார். அப்புறம் கொஞ்சநேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பினாங்குல ஒரு தம்பி இருக்குன்னியே, அதுக்கு ஜோகூர் ரொம்பத் தூரமோ?" என்று கேட்டார்.

பினாங்குத் தம்பி:

தூரம்தான் அண்ணே, நாங்கள் வடக்கு, அது தெற்குக் கோடி. ஆனால் அங்கேயும் எங்கள் தமிழ்ச் சபை இருக்கிறது. அங்குள்ள வாலிபர்களிடம் பேசிவிட்டேன், இந்த ஞாயிறு போகிறோம் என்றார்கள். விவரத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.