வியர்க்கும் செங்கல் சுவர்: லண்டன் பழைய வீட்டு அனுபவங்கள்

ஈஸ்ட்ஹாம் வாசி:
எங்களுடையது விக்டோரியா காலத்து வரிசை வீடு. 9 அங்குலச் செங்கல் சுவர், நடுவில் இடைவெளி கிடையாது. தெருவில் நின்று பார்த்தாலே தெரியும்: ஒரு கல் நீளவாக்கில், அடுத்த கல் தலைப்பக்கம் காட்டி என்று மாறி மாறி வரும். குளிர்காலம் வந்தால் படுக்கையறையில் கூரையை ஒட்டிய மூலையும் அலமாரியின் பின்புறமும் பூசணம் பிடித்துக் கறுத்துவிடுகின்றன. பார்க்க வந்தவர், தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது, அடிச்சுவரில் துளையிட்டு மருந்து செலுத்த வேண்டும் என்று ஒரு பெரிய தொகை சொன்னார். தரை ஈரம் ஒரு மீட்டர் ஏறுவதே அதிகம். அது கூரை மூலைக்கு எப்படித் தாவும்? அவரை அனுப்பிவிட்டேன். குளிர் உள்ளே வராமலிருக்கச் சுவரின் உள்பக்கம் நுரைப்பலகை ஒட்டலாமா என்று யோசிக்கிறேன். செய்தவர்கள் சொல்லுங்கள்.

ஹாரோ அக்கா:
தம்பி, பலகை இருக்கட்டும், முதலில் அறைக்காற்றின் ஈரத்தை அளக்கும் ஓர் ஈரமானி வாங்குங்கள். 20 டிகிரி சூட்டில் 60 சதவீத ஈரப்பதம் இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பரப்பிலெல்லாம் நீர் துளிர்க்கும். பூசணத்துக்கு அவ்வளவுகூட வேண்டாம். சுவரை ஒட்டிய காற்றில் 80 சதவீதம் ஈரம் நீடித்தால் போதும். நம் வீடுகளில் சோறு கொதிக்கும், இட்லி வேகும், ரேடியேட்டர் மேல் துணி காயும். கேட்கவா வேண்டும்! ஈரக்காற்றை வெளியே தள்ள வேண்டிய எங்கள் குளியலறை விசிறி சத்தம் மட்டும் பலமாகப் போட்டது. அதன் வாயில் ஒரு மெல்லிய தாளை வைத்தோம், இழுத்துப் பிடிக்காமல் கீழே விழவிட்டது. கூரைக்கடியில் ஏறிப் பார்த்தால், விசிறியின் காற்று போகும் வளைகுழாய் தொய்ந்து, தொய்வில் தண்ணீர் தேங்கிக் காற்றை அடைத்திருந்தது. குழாயை மாற்றி, அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தியதும் பூசணம் பெரும்பாலும் அடங்கியது.

பூச்சு வேலைக்காரன்:
அக்கா சொல்வது சரி. ஆனால் குளிர் குறையாதே; அதற்குச் சுவருக்கு வெப்பக்காப்பு வேண்டும்தான். உள்பக்கம் பலகை வந்தால் செங்கல்லுக்கு அறையின் சூடு கிடைக்காமல் குளிர்ந்துவிடும். இடையில் இடுக்கு விட்டால் அறைக்காற்று புகுந்து அங்கே வியர்க்கும்; சுவருக்குள் புதைந்திருக்கும் தரை உத்திரங்களின் தலை உளுத்துப்போகும். நான் கழற்றிய சில பலகைகளின் பின்னால் அடித்த நாற்றத்தைச் சொல்லி மாளாது. இப்போதெல்லாம் மரநார்ப் பலகையைச் சுண்ணாம்புக் கலவையில் இடுக்கில்லாமல் பதித்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு கொடுக்கிறேன். பலகையின் தடிமன் 60 மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. ஜன்னல் ஓரச் சுவர்மடிப்பிலும் மெல்லிய பலகை வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பூசணம் அங்கே குடிபெயரும். அதற்கும் முன்னால் ஒழுகும் மழைநீர்க் குழாய், வெடித்த சிமெண்ட் பூச்சு இரண்டையும் சரிசெய்து சுவரைக் காயவிடுங்கள். பின்சுவர் மட்டும் என்றால் பலகையை வெளிப்பக்கம் ஒட்டுவதே நல்லது: கல் சூட்டோடு இருக்கும், உத்திரத்துக்கும் பயமில்லை. சுவர் தடிப்பதால் கூரை விளிம்பை நீட்டும் செலவைத்தான் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.