"ஸ்லைஸ்" என்பதற்குப் பாத்தி

அன்புள்ள குழுவினருக்கு,

தொடர்புப்போக்கில் (ரெக்ரஷன்) பரிமாணக் குறைப்புக்கென, அதாவது பல மாறிகளைச் சில திசைகளாகச் சுருக்குவதற்கென, உள்ள ஆர் மொழித் தொகுப்பு "டிஆர்". அதன் விளக்கத்தைத் தமிழாக்கும்போது, தரவை வரிசைப்படுத்திப் பிரிக்கும் பகுதியைக் குறிக்கும் "ஸ்லைஸ்" இடிக்கிறது. "கூறு" வேண்டாம். முதன்மைக் கூறு (பிரின்சிபல் காம்போனன்ட்) என்று அதை வேறொரு முறைக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்த முறை சார்ந்த மாறியை, அதாவது நாம் விளக்க விரும்பும் அளவை, பார்ப்பதே இல்லை. ஸ்லைஸ் செய்யும் முறையோ சார்ந்த மாறியிலிருந்துதான் தொடங்குகிறது. "பாத்தி" என்கிறேன்.

1991இல் கெர்-சௌ லி வெளியிட்ட "ஸ்லைஸ்டு இன்வர்ஸ் ரெக்ரஷன்" முறையைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, ராணிப்பேட்டைப் பக்கம் 120 கிணறுகள். குரோமியம் சார்ந்த மாறி. குளோரைடு, சோடியம், கடினத்தன்மை என 9 சாரா மாறிகள். குரோமிய அளவுப்படி கிணறுகளை வரிசையாக்கி, எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக வரும்படி பாத்தி கட்டுகிறோம். எத்தனை என்று நாம் சொல்லாவிட்டால், 8 அல்லது சாரா மாறிகளின் எண்ணிக்கையுடன் 3 கூட்டியது, எது பெரிதோ அதைத் தொகுப்பு எடுத்துக்கொள்ளும். இங்கே 12 பாத்தி, பாத்திக்கு 10 கிணறு. தரப்படுத்திய சாரா மாறிகளுக்குப் பாத்திவாரியாகச் சராசரி கண்டால், அந்தச் சராசரிகள் அதிகம் விரியும் திசையை, அவற்றின் சிதறலைச் சொல்லும் அணியின் ஐகன் வெக்டர் காட்டும்.

*

ஐயா, பாத்தி என்றால் சம அகலம் என்று மாணவர் எண்ணிவிட மாட்டாரா? "கீற்று" பொருந்தாதா?

*

அம்மா, கீற்று என்றதும் எங்கள் பக்கம் தென்னங்கீற்றுதான் நினைவுக்கு வரும். பாத்தி சம அகலமாக இருக்க வேண்டியதில்லை. மேடு பள்ளம் பார்த்துத்தானே கட்டுகிறார்கள். எல்லைக்கு "வரப்பு" என்ற சொல்லும் கூடவே கிடைக்கிறது. இது பயன்படும் இடம் உண்டு: கருவியால் அளக்க முடியாத அளவு குறைந்த குரோமியம் பல கிணறுகளுக்கு ஒரே எண்ணாகப் பதிவாகும். அந்தக் கிணறுகளுக்கு நடுவே வரப்பு போடக் கூடாது. முதல் பாத்தி பெருத்தாலும் பரவாயில்லை.

பாத்தி குறைந்தால் திசையும் குறையும். பாத்தி எண்ணிக்கையில் ஒன்று கழித்ததே உச்சம். "கலந்தது, கலக்காதது" என இரண்டே மதிப்பு இருந்தால் ஒரே திசைதான். பாத்திக்கு இரண்டு மூன்று கிணறு என்றால் சராசரி நிலையில்லாமல் ஆடும். குளோரைடு ஒருபக்கம் நீண்டு சாய்ந்திருந்தால் முதலில் மடக்கை எடுங்கள், இல்லையேல் திசையே பிறழலாம்.

உறவு வர்க்கம்போல் இருபுறமும் சமச்சீராக இருந்தால் பாத்திச் சராசரிகள் எல்லாம் பூச்சியத்தை ஒட்டி நிற்கும். முறைக்கு எதுவும் தெரியாது. அப்போது "சேவ்" (ஸ்லைஸ்டு ஆவரேஜ் வேரியன்ஸ் எஸ்டிமேஷன்) முறைக்கு மாறி, பாத்திக்குள் உள்ள விலக்க வர்க்கச் சராசரியை (வேரியன்ஸ்) பார்க்க வேண்டும். அங்கும் பாத்தி என்ற சொல் அப்படியே செல்கிறது.

முறையின் பெயரில் உள்ள "இன்வர்ஸ்" என்பதற்கு "நேர்மாறு" போடாதீர்கள். அது நேர்மாறு அணியை நினைவூட்டும். இங்கே சார்ந்ததும் சாராததும் இடம் மாறுகின்றன, அவ்வளவே. "பாத்திவழி எதிர்த்திசைத் தொடர்புப்போக்கு" என்று பதியலாமா?