புதுப்பிப்பு: சிமுலேஷனில் சிவப்புக் கோடு, காரணம் கிடைத்தது

போன வாரம் கேட்டது இதுதான்: ஐஸ்ஸ்டிக் என்ற எஃப்பிஜிஏ போர்டில் (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப் உள்ள பலகை) எல்இடி ஒழுங்காக மின்னுகிறது, ஆனால் அதே வெரிலாக் (சுற்றை விவரிக்கும் மொழி) நிரலை ஐகாரஸ் சிமுலேட்டரில் ஓட்டினால், அலைவடிவம் காட்டும் ஜிடிகேவேவில் கவுன்டர் (கிளாக் துடிப்புகளை எண்ணும் பகுதி) முழுக்கச் சிவப்பாக எக்ஸ், அதாவது ‘மதிப்பு தெரியாது’, என்றே நிற்கிறது.

கவுன்டருக்கு நான் தொடக்க மதிப்பே கொடுக்கவில்லை, அவ்வளவுதான்! அப்படி விட்டால் வெரிலாக்கில் ரெஜிஸ்டர் (மதிப்பைச் சேமித்து வைக்கும் இடம்) எக்ஸில்தான் தொடங்கும். எக்ஸோடு ஒன்றைக் கூட்டினாலும் எக்ஸ்தான். எத்தனை கிளாக் போனாலும் மீளாது. போர்டிலுள்ள ஐஸ்40 சிப்பிலோ மின்சாரம் வந்ததும், ரெஜிஸ்டரின் பிட்களை வைத்திருக்கும் ஃபிளிப்ஃபிளாப்புகள் பூஜ்யத்தில் எழுகின்றன. அதனால் என் தப்பு அங்கே தெரியவே இல்லை. போர்டை நம்பி சிமுலேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ரீசெட் (கவுன்டரைப் பூஜ்யமாக்கும் சிக்னல்) சேர்த்தேன், டெஸ்ட்பெஞ்சில் (சிமுலேஷனில் சுற்றுக்கு உள்ளீடு கொடுத்துச் சோதிக்கும் நிரல்) முதல் சில கிளாக்குகளுக்கு அதை அழுத்திப் பிடித்தேன். சிவப்பு போய்விட்டது.

அப்புறம் இன்னொரு தொல்லை. 12 மெகாஹெர்ட்ஸில் 24 பிட் கவுன்டரின் மேல்பிட் (எல்இடியை இயக்குவது இதுதான்) மாற சுமார் 0.7 வினாடி. போர்டில் கண் சிமிட்டும் நேரம். சிமுலேஷனில் 83 லட்சத்துக்கும் மேற்பட்ட கிளாக். அலைவடிவக் கோப்பு ஊதிப் பெருத்துவிட்டது. இப்போது கவுன்டரின் அகலத்தை பாராமீட்டராக்கி (தேவைக்கேற்ப மாற்றக்கூடிய எண்ணாக்கி), டெஸ்ட்பெஞ்சில் 4 பிட் மட்டும் வைத்திருக்கிறேன். எட்டே கிளாக்கில் எல்இடி மாறுவது தெரிகிறது.

அடுத்தது யுஏஆர்டி (தகவலை ஒவ்வொரு பிட்டாக அனுப்பிப் பெறும் சுற்று). கட்டாயம் திரும்ப வருவேன்.