ஃப்ரெட்லெஸ் பேஸ்: மெட்டிலியா, வெறுந்தண்டா?

முதல் மடல்

வணக்கம்.

இசைக்கருவிச் சொற்பட்டியலில் "ஃப்ரெட்லெஸ்" (ஃப்ரெட் இல்லாதது) என்பதற்கு நேரே இன்னும் காலியாகக் கிடக்கிறது. அக்கூஸ்டிக் உடலும் (உள்ளீடற்ற மரப்பெட்டி) பிக்கப்பும் (தந்தியின் அதிர்வை மின்னாக்கும் பாகம்) சேர்ந்த, விலை குறைந்த ஃப்ரெட்லெஸ் பேஸ், அதாவது கீழ்ச் சுரக் கிட்டார், வாங்குவோருக்குத் தமிழில் குறிப்பு எழுதப் போனால் முதல் வரியிலேயே இந்தச் சொல் தேவைப்படுகிறது. ஃப்ரெட்டுக்கு நம்மிடம் சொல் உண்டு. வீணைத் தண்டியில் மெழுகின்மேல் பதித்த 24 பட்டைகளை மெட்டு என்கிறோம். இதுவரை வந்த முன்மொழிவுகள் மூன்று: மெட்டில்லா பேஸ், மெட்டிலி, யாழிலிருந்து எடுத்த திவவிலி.

"பேஸ்" அப்படியே இருக்கட்டும். கீழ், நடு, மேல் சுரங்களுக்கு மெலிவு, சமன், வலிவு என்ற பழைய பாகுபாடு அழகானதுதான். ஆனால் கடையிலேயே தடித்த தந்தி போட்ட கிட்டாரை மெலிவுக் கிட்டார் என்றால் இன்றைய காதில் ஏறாது.

மறுமொழி 1

> யாழிலிருந்து எடுத்த திவவிலி

ஐயா, திவவு வேண்டாம். அது யாழின் கோட்டில் (வளைந்த தண்டில்) தந்தியை இறுக்கிக் கட்டிய வார்க்கட்டு. பொருநராற்றுப்படை அதைப் பெண்ணின் முன்கைத் தொடியோடு, அதாவது வளையோடு, ஒப்பிடுகிறது. தொடிபோல் வரிசையாகச் சுற்றியிருப்பதால் ஃப்ரெட் என்று தோன்றலாம். ஆனால் யாழில் தந்தியைக் கோட்டின்மேல் அழுத்திச் சுரம் பிரிப்பதே இல்லை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வேலை வேறு, பெயர் மட்டும் எப்படிப் பொருந்தும்?

மெட்டில்லா பேஸ் என்பதிலும் எனக்குத் தயக்கம். வீணை தெரியாதவருக்கு மெட்டு என்றால் பாட்டின் மெட்டு. ராகமே வராத கிட்டார் என்று படிப்பார்.

அதைவிட முக்கியமான ஒன்று. 1951இல் ஃபெண்டர் நிறுவனம் தன் முதல் மின் பேஸுக்கு "பிரிசிஷன்" என்று பெயரிட்டது, ஃப்ரெட் இருப்பதால் சுருதி துல்லியமாக விழும் என்பதற்காக. 1966இல் ஆம்பெக் நிறுவனம் ஃப்ரெட் இல்லாததை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, முன்பு இருந்த ஒன்று இங்கே இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. வயலினை யாரும் ஃப்ரெட் இல்லாத கருவி என்று அழைப்பதில்லை, சித்திர வீணையையும் அப்படித்தான். மெக்சிகோ மரியாச்சிக் குழுக்களின் பெரிய பேஸான கிட்டாரோனுக்கும் ஃப்ரெட் கிடையாது. அதன் பெயரில் அந்தக் குறையும் கிடையாது. தமிழில் புதிதாகப் பெயர் வைக்கிற நாம் ஏன் "இல்லை"யில் தொடங்க வேண்டும்? விரல் சுரத்திலிருந்து சுரத்துக்குச் சறுக்குவதை வைத்து "ஜாரு பேஸ்" அல்லது "வழுக்கு பேஸ்" என்று வைக்கலாம்.

இன்னொன்று: பெட்டியின்மேல் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் குதிரை என்ற வீணைச் சொல்லையே எடுங்கள். அதன்மேல் தந்தி உட்காரும் வெள்ளைப் பட்டை சேணம். தண்டின் தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் நட்டுக்கு மேரு.

மறுமொழி 2

குதிரை, சேணம், மேரு மூன்றுக்கும் என் ஒப்புதல். ஜாரு, வழுக்கு இரண்டும் ஆபத்து. ஸ்லைடு கிட்டார் என்று வேறொன்று இருக்கிறது. அதில் தந்தியின்மேல் உலோகக் கட்டையைத்தான் தேய்ப்பார்கள். பெயர் கேட்டவர் அதை வாங்கி வந்துவிடுவார்.

கையில் எது படுகிறதோ அதிலிருந்து எடுப்போம்: வெறுந்தண்டு. வெறுங்கை, வெறுங்கால் போல. அங்கே இருப்பது மரம் மட்டும், விரல்தான் சுரத்தின் எல்லை. "இல்லை" என்ற நிழல் இதிலும் இருக்கிறதுதான், ஆனால் பாட்டு மெட்டோடு குழம்பாது. ஃப்ரெட் இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்டது, போடாதது என்று கிளை பிரிக்கவும் எளிது: கோடிட்ட வெறுந்தண்டு, கோடில்லா வெறுந்தண்டு. முதல்முறை வாங்குவோருக்குக் கோடிட்டதையே சொல்வேன். காரணம் கணக்கில் இருக்கிறது. மேருவிலிருந்து சேணம்வரை 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. உள்ள பேஸில் முதல் அரைச்சுரம் மேருவிலிருந்து 48.5 மி.மீ. தள்ளி விழும். பதினோராம் அரைச்சுர இடத்துக்கும் பன்னிரண்டாம் இடத்துக்கும் இடைவெளி 25.7 மி.மீ.தான். அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு மேருப் பக்கம் அரை மி.மீ., தந்தியின் நடுவில் கால் மி.மீ. விரல் 5 மி.மீ. தவறினால் கீழே பத்துப் பங்கு பிசகும், மேலே இருபது. காதுக்கு இரண்டாவது நன்றாகவே உறுத்தும்.

கடையில் பார்க்க வேண்டியது, வரிசை முக்கியம்:

தடித்த தந்தியை முதல் அரைச்சுர இடத்திலும் தண்டின் கடைசியிலும் அழுத்திப் பிடித்து, ஏழாம் இடத்தில் இடைவெளி பாருங்கள். 0.2 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. தண்டு குழிந்திருந்தால் "ம்வா" என்று மலரும் அந்த ஒலி வராது. தந்தி மரத்தை நீளவாக்கில் லேசாக உரசும்போதுதான் அது பிறக்கிறது. அடுத்து மேருவின் பள்ளம். திறந்த தந்திக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும். ஃப்ரெட் பேஸின் மேருவை அப்படியே வைத்துவிட்டு ஃப்ரெட்டை மட்டும் பிடுங்கிய கருவிகளில் இது உயரமாக நிற்கும், கீழ்ச் சுரங்கள் எல்லாம் கூர்ந்து ஒலிக்கும்.

பிறகு சேணம். பெரும்பாலும் பிக்கப் அதன் அடியில் இருக்கும், அழுத்தத்தை மின்னாக்கும் அழுத்தமின் (பீசோ) வகை. தந்தி உயரத்தைக் குறைக்கச் சேணத்தின் அடியைத் தேய்க்கும்போது அடிப்பக்கம் ஒரு நூல் கோணினாலும் ஒரு தந்தி உரக்கவும் அடுத்தது ஊமையாகவும் வரும். கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டி, சேணத்தை நிமிர்த்திப் பிடித்துத் தேய்க்க வேண்டும். கையில் வைத்துத் தேய்த்தால் கட்டாயம் கோணும். உள்ளே முன்பெருக்கி (ப்ரீஆம்ப்) இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லாமல் நேரே சாதாரண மிக்சரில் செருகினால் அடிநாதமே போய்விடும். அழுத்தமின் பிக்கப்புக்கு ஒரு மெகா ஓம் அளவு உள்ளீட்டு மறிப்பு (இம்பீடன்ஸ்) தேவை. வாசிப்பு முடிந்ததும் வயரைக் கழற்றிவிடுங்கள். செருகி வைத்திருக்கும்வரை 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

தந்திக்கு ஒரே விதி: உருண்டைச் சுற்று, அதாவது மேலே உருண்டைக் கம்பி சுற்றிய தந்தி, வேண்டாம். அதன் வரிகள் தண்டின் ரோஸ்வுட் மரத்தை அரம்போல் அறுக்கும், சில மாதத்தில் தந்தியின் கீழே தடம் விழும். தட்டைச் சுற்று அல்லது நைலான் நாடாச் சுற்று போடுங்கள். அழுத்தமின் பிக்கப் காந்தத்தை நம்பி இல்லாததால் நைலான் சுற்றும் குறையின்றிக் கேட்கும்.

பிக்கப் இல்லாமல் இந்தக் கருவி ஒரு கூடத்தையே நிரப்பும் என்று எண்ண வேண்டாம். கீழ்த்தந்தியின் 41 ஹெர்ட்ஸை மேலெழுப்ப கிட்டார் அளவுப் பெட்டி போதாது. ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றால் அதே பெட்டி ஊளையிடும். ஒலித்துளைக்கு ரப்பர் மூடி போட்டால் பெரும்பகுதி அடங்கும்.

மறுமொழி 3, முதல் மடல் எழுதியவர்

வெறுந்தண்டு சேர்க்கப்பட்டது. "அக்கூஸ்டிக்-எலக்ட்ரிக்" என்பதற்கு மின்பெட்டி என்று ஒருவர் தனி மடலில் சொன்னார். அது வீட்டு மீட்டர் பெட்டி ஆகிவிடும். "பிக்கப் வைத்த வெறுந்தண்டு பேஸ்" என்று நீட்டியே எழுதுகிறேன்.

ஒரு சொல் பாக்கி. தண்டின் விலாவில் இடம் காட்ட இருக்கும் புள்ளிகள். ஃப்ரெட் கிட்டாரில் அவை இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவே இருக்கும். கோடில்லா வெறுந்தண்டில் பல தயாரிப்பாளர்கள் சுரம் விழும் இடத்திலேயே வைக்கிறார்கள், சிலர் பழையபடி நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆகவே இரண்டு சொல் வேண்டும்: சுரப்புள்ளி, இடைப்புள்ளி. பன்னிரண்டாம் புள்ளிக்கு மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் அது சுரப்புள்ளி, மொண்ணையாக அடங்கினால் இடைப்புள்ளி.

மறுமொழி 4

இரண்டும் சரி. வரையறையில் ஒரு வரி கூட்டுங்கள்: வெறுந்தண்டில் விரல் நுனியின் நடுப்பகுதி கோட்டின் மேலேயே அமர வேண்டும், ஃப்ரெட் பேஸில் பழகியபடி கோட்டுக்குப் பின்னால் வைத்தால் ஒவ்வொரு சுரமும் தணிந்து விழும். அசைவும் வயலினைப் போலத் தந்தியின் நீளவாக்கில்தான், குறுக்கே இழுத்தல்ல. பழகும்போது சுருதிப்பெட்டியைத் திறந்த தந்தியின் சுருதிக்கு வைத்து ஓட விடுங்கள். பிசகினால் இரண்டு ஒலியும் அலையலையாக அடிக்கும், விரலை உருட்ட உருட்ட அந்த அலை மெதுவாகி நின்றுவிடும். அந்த அலைக்குத் தமிழில் "விம்மல்" ஏற்கெனவே இருக்கிறது, பட்டியலில் அதையே போடலாம்.