பாதுகாப்புக்கு ஒதுக்கும் பணத்தை எந்தக் கணக்கில் பார்ப்பது?

வைகைக்கரை (கேள்வி):

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2025-26 மத்திய வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6.81 லட்சம் கோடி ரூபாயும், உள்துறை அமைச்சகத்துக்கு 2.33 லட்சம் கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டதாகக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். இரண்டையும் கூட்டி, நாட்டின் பாதுகாப்புக்கு ஆண்டுக்கு ஒன்பது லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் செலவாகிறது என்று மாதிரித் தேர்வில் எழுதினேன். விடைத்தாளைத் திருத்திய ஆசிரியர் அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடிட்டு, "எதோடு எதைக் கூட்டுகிறாய்?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்துவிட்டார். என் கூட்டலில் என்ன பிழை? அத்துடன், இவ்வளவு பெரிய தொகையில் புதிய தளவாடங்களுக்குக் கால் பங்கு அளவே போகிறது என்கிறார்களே, மீதி எங்கே போகிறது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை:

தணிக்கை அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். தங்கள் ஆசிரியர் கேட்டது சரியான கேள்வி.

முதலில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொகையை எடுத்துக்கொள்வோம். துல்லியமாகச் சொன்னால் அது 6,81,210 கோடி ரூபாய். அதில் மூலதனச் செலவுக்கு, அதாவது விமானம், கப்பல், ஆயுதம் போன்ற நீடித்து நிற்கும் சொத்துகளுக்கு, 1,80,000 கோடி. முப்படைகளின் சம்பளம், எரிபொருள், உதிரிபாகம், பழுதுபார்ப்பு முதலான வருவாய்ச் செலவுக்கு ஏறத்தாழ 3.12 லட்சம் கோடி. ஓய்வூதியத்துக்கு 1,60,795 கோடி. எல்லைச் சாலைகள், கடலோரக் காவல்படை போன்றவை அடங்கிய குடிமைப் பிரிவுக்கு 28,683 கோடி. மூலதனத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் இடையே உள்ள இடைவெளி இருபதாயிரம் கோடிக்கும் குறைவு என்பதைக் கவனியுங்கள்.

அந்த 1,80,000 கோடியும் முழுவதுமாகப் புதிய கொள்முதலுக்குப் போவதில்லை. விமானமோ கப்பலோ வாங்க ஒப்பந்தம் போட்டால் அன்றே மொத்தப் பணத்தையும் கொடுத்துவிடுவதில்லை. முன்பணம் கொடுத்து, பிறகு வேலை முன்னேற முன்னேறப் பல ஆண்டுகள் தவணையாகக் கொடுப்பார்கள். 2016-இல் பிரான்சுடன் கையெழுத்தான 36 ரஃபேல் விமானங்களுக்கான பணம், இந்தியாவுக்கு முதல் விமானம் வந்து சேருவதற்கு முன்பிருந்தே ஒவ்வோர் ஆண்டின் கணக்கிலும் ஏறிக்கொண்டிருந்தது. ஆகவே இந்த ஆண்டுத் தொகையில் பெரும்பகுதி போன ஆண்டுகளில் கொடுத்த வாக்குக்கான தவணை.

இனி உள்துறை. அந்த 2.33 லட்சம் கோடியில் காவல் தலைப்பின் கீழ் வருவது ஏறத்தாழ 1.60 லட்சம் கோடி. மத்திய சேமக் காவல் படைக்கு மட்டும் 35,147 கோடி, எல்லைப் பாதுகாப்புப் படைக்கு 28,231 கோடி. ஆனால் அதே அமைச்சகத்தின் தொகைக்குள் ஜம்மு காஷ்மீர் ஒன்றியப் பகுதிக்கு வழங்கும் 41,000 கோடியும் இருக்கிறது. மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கான 574 கோடியும் இருக்கிறது. இவற்றையும் பாதுகாப்புச் செலவு என்று தாங்கள் கூட்டிவிட்டீர்கள். கூட்ட வேண்டியதை விட்டும் விட்டீர்கள்: காவலும் பொது ஒழுங்கும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பட்டியலில் உள்ளவை. தங்கள் தெருமுனையில் நிற்கும் காவலரின் சம்பளம் மேற்சொன்ன இரு தொகைகளிலுமே இல்லை.

பழைய பட்டாளம்:

ஓய்வூதியத்தைப் பற்றி ஐயா சொன்ன எண் சரி. ஆனால் அந்த எண்ணைக் கண்டதும் "தண்டச் செலவு" என்று தேர்வில் எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குடிமைப் பணியில் இருப்பவர் அறுபது வயது வரை சம்பளம் வாங்குகிறார். சிப்பாயாகச் சேர்ந்தவரோ பொதுவாகப் பதினேழு ஆண்டுகளில், முப்பத்தேழு முப்பத்தெட்டு வயதில் வெளியே வந்துவிடுகிறார். படையை இளமையாக வைத்திருப்பதற்கு அரசு கொடுக்கும் விலைதான் இந்த நீண்ட ஓய்வூதியம். 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டு நடைமுறைக்கு வந்த 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' (எப்போது ஓய்வு பெற்றாலும், ஒரே பதவியில் ஒரே காலம் பணியாற்றியவர்களுக்கு ஒரே ஓய்வூதியம்) அந்தத் தொகையைக் கூட்டியது உண்மை. படைக்குக் குறுகிய காலத்துக்கு ஆள் சேர்க்க 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடிந்ததும் கால் பங்கினர் வரை மட்டுமே நிரந்தரமாகத் தொடர்வார்கள். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயுடன், ஓய்வூதியம் இன்றி வெளியேறுவார்கள். ஓய்வூதியச் செலவு அதனால் உடனே இறங்கிவிடும் என்று எண்ணுவது தவறு. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படியேதான் இருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2004 ஜனவரி 1-க்குப் பிறகு எல்லைப் பாதுகாப்புப் படையிலோ சேமக் காவல் படையிலோ சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் கிடையாது. ராணுவத்தில் நிரந்தரமாகப் பணியாற்றுபவருக்கு உண்டு. எல்லையில் அடுத்தடுத்த காவல் அரண்களில் நிற்கும் இருவருக்குள் இந்த வேறுபாடு இருக்கிறது. அவர்களில் யாருக்கு இரவுக் குளிர் குறைவு என்று எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு நவம்பரிலும் எங்கள் ஊர்ப் பொதுச் சேவை மையத்தில் உயிர்ச்சான்று பதிவு செய்யப் போவேன். போன முறை எனக்கு முன்னால் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர், கருவியில் கட்டைவிரலை வைத்து வைத்து எடுத்தார். ஆயுள் முழுக்கக் களை பறித்த கை, ரேகை விழவேயில்லை. விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்து, எலுமிச்சைத் தோலால் தேய்த்து, ஏழாவது முறையில் விழுந்தது. 1,60,795 கோடி என்ற எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வருகிறது.

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் மற்றொரு ஐயம். ஒதுக்கிய பணத்தை அந்த ஆண்டுக்குள் செலவழிக்க முடியாமல் போனால் அடுத்த ஆண்டுக்கு எடுத்துக்கொள்ள முடியாதா?

கணக்குப்பிள்ளை:

முடியாது. மார்ச் 31 நள்ளிரவோடு காலாவதி. ஏப்ரலில் மறுபடியும் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். தளவாடக் கொள்முதலோ சோதனை, விலை பேசுதல், அமைச்சரவைக் குழுவின் அனுமதி என்று ஆண்டுக்கணக்கில் இழுப்பது. இதற்காகவே மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான வரிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் நிதிக்குழு, என். கே. சிங் தலைமையிலான பதினைந்தாவது குழு, காலாவதியாகாத நவீனமயமாக்கல் நிதியம் ஒன்றைப் பாதுகாப்புக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புக்கும் சேர்த்து அமைக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு 2.38 லட்சம் கோடி ரூபாய் என்று தொகையும் குறித்தது. கொள்கை அளவில் ஏற்பதாக அரசு சொன்னது.

ஒதுக்கீட்டின் அளவும் கையிருப்பின் நிலையும் ஒன்றல்ல என்பதற்கு, 2017-இல் தாக்கலான தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையைப் பாருங்கள். 2016 செப்டம்பர் நிலவரப்படி, ராணுவம் வைத்திருக்க வேண்டிய 152 வகை வெடிபொருள்களில் 61 வகை பத்து நாள் போருக்குக்கூடப் போதாத அளவில் இருந்தன. அந்த ஆண்டுகளிலும் ஒதுக்கீடு கூடிக்கொண்டுதான் வந்தது.

இரும்புத் தொப்பி:

தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேலே நடந்த உரையாடலில் எங்கள் துறையின் பெயர் ஒரு முறைகூட வரவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை, வழக்கமாக வராது.

அரசமைப்பின் 12-ஆவது அட்டவணை தீயணைப்பை நகராட்சிகளின் பணிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. மும்பையில் மாநகராட்சியே தீயணைப்புப் படையை நடத்துகிறது. தமிழ்நாட்டில் அது மாநில அரசின் துறை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக்கொட்டகை எரிந்து 94 குழந்தைகள் மாண்டபோது மாநிலமே எங்களைத் திரும்பிப் பார்த்தது. பள்ளிகளில் கூரைகள் மாறின, சான்றிதழ்கள் கட்டாயமாயின.

நான் கடைசியாக வேலை பார்த்த நிலையம், ஊர் வேண்டாம், கோடையில் ஒரு நாளைக்கு நான்கைந்து அழைப்புகள் வரும் இடம். வைக்கோல் போர் எரியும், கிணற்றில் மாடு விழும், வீட்டுக்குள் பாம்பு வரும். வண்டியில் இருந்த தண்ணீர்க் குழாய்ச் சுருள்களில் மூன்று ஒட்டுப்போட்டவை. அழுத்தம் கொடுத்தால் ஒட்டு பிதுங்கிக்கொண்டு தெறிக்கும். அந்த இடத்தில் துணியைச் சுற்றி ஒருவர் இரு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆறு பேர் போன வேலையில் ஒருவர் தீயின் பக்கமே போகாமல் ஓட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பார். புதிய சுருள்கள் கேட்டு எழுதிய கடிதத்துக்கு அனுமதி மார்ச் மூன்றாவது வாரத்தில் வந்தது. ஒப்பந்தப்புள்ளி கோரி முடிப்பதற்குள் நிதியாண்டு முடிந்துபோயிற்று. கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன காலாவதி எங்களுக்கு இப்படித்தான் அறிமுகம்.

பதினைந்தாவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, மாநிலங்களின் தீயணைப்புப் பணிகளை விரிவாக்கவும் நவீனப்படுத்தவும் 5,000 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை 2023-இல் மத்திய அரசு தொடங்கியது. மாநிலங்கள் தம் பங்காகத் திட்டச் செலவில் கால் பங்கைப் போட வேண்டும். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்குப் பத்து விழுக்காடு போதும். நாடு முழுமைக்கும் இந்தத் தொகை. இதனை எல்லைப் பாதுகாப்புப் படையின் ஓராண்டு ஒதுக்கீட்டோடு தம்பி ஒரு முறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எல்லைக்குக் கொடுப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாத துறைக்கு எவ்வளவு வரும் என்று காட்டுகிறேன், அவ்வளவே.

வைகைக்கரை:

தீயணைப்பையும் சேர்த்து எழுத விரும்புகிறேன். மாநில வரவு செலவு ஆவணத்தில் எந்தத் தலைப்பின் கீழ்த் தேட வேண்டும்? காவல் துறையோடு சேர்ந்து இருக்குமா?

கணக்குப்பிள்ளை:

இருக்காது. கணக்குத் தலைப்பு எண்கள் மத்திய அரசுக்கும் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவானவை. தரைப்படை 2076, கடற்படை 2077, வான்படை 2078, பாதுகாப்பு மூலதனம் 4076. காவலுக்கு 2055 என்று தனித் தலைப்பு உண்டு. தீயணைப்புக்கு அப்படித் தனிப் பெருந்தலைப்பு கிடையாது; 2070, 'பிற நிர்வாகப் பணிகள்' என்பதைத் திறந்து, அதற்குள் 108 என்ற சிறு தலைப்பைத் தேடுங்கள். அங்கிருந்து சில வரிகள் கீழே, 115-இல், அரசு விருந்தினர் மாளிகைகளின் செலவு இருக்கும்.