பிளேட்டோவை மூலத்தில் படிக்க ஏதென்ஸ் போகிறேன்: என் ஆசைகளில் எவை தேறும்?

பூட்டூர்க்காரி (கேள்வி)

செப்டம்பரில் ஏதென்ஸுக்குப் புறப்படுகிறேன். பண்டைக் கிரேக்கத் தத்துவத்தில் இரண்டு ஆண்டு முதுகலை. பாடம் ஆங்கிலத்தில், மூல நூல்கள் கிரேக்கத்தில். விசா, வாடகை எல்லாம் விசாரித்தாயிற்று. என் ஆசைகளில் எது நடக்கும், எதைத் திண்டுக்கல்லிலேயே விட்டுவிட்டுப் போகலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் போதும்.

முதல் ஆசைக்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். கணிதப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் கிரேக்க எழுத்துகளை நானாகவே கற்றுக்கொண்டு, சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் பேசுவதாகப் பிளேட்டோ எழுதிய உரையைத் திறந்தேன். முதல் வாக்கியத்தில் பாதிக்கே அகராதியும் கையுமாக ஒன்பது நாள் ஆனது. “என்மேல் குற்றம் சுமத்தியவர்கள் பேசியதைக் கேட்டு, ஏதென்ஸ் மக்களே, நீங்கள் என்ன ஆனீர்களோ, எனக்குத் தெரியாது.” அந்த ‘ஊக் ஒய்தா’, அதாவது ‘தெரியாது’, கடைசியில்தான் வந்து விழுகிறது. என்னிடம் இருந்த ஆங்கிலப் பதிப்பில் அது வாக்கியத்தின் தலையிலேயே உட்கார்ந்திருந்தது. தமிழில் சொல்லிப் பார்த்தால் தானாகவே கிரேக்க வரிசை அமைந்துவிடுகிறது. எழுபது வயதில், உயிர் போகிற வழக்கில், மனிதர் அந்தத் ‘தெரியாது’ என்ற சொல்லில் போய் நிற்கிறார்! இப்படி ஒரு நூலையாவது முழுதாகப் படித்துவிட வேண்டும்.

இரண்டாவது, இடங்கள். பிளேட்டோவின் பள்ளியான அகாதெமி இருந்த மண்ணில் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

மூன்றாவது சின்ன ஆசை: கேள்வி கேட்டால் ‘தேர்வுக்கு வராது’ என்று உட்கார வைக்காத வகுப்பு.

அப்பா ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தடுக்கவில்லை, “அங்கே என்னதான் இருக்கிறது?” என்று மட்டும் கேட்கிறார். சரியான பதில் என்னிடம் இல்லை.

அதினாவில் மூன்று குளிர்காலம்

அகாதெமி பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அங்கே போய் அழக் கூடாது. அது இப்போது குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு பூங்கா. பையன்கள் பந்து விளையாடுவார்கள், கிழவர்கள் நாயோடு நடப்பார்கள், புல்லுக்கு நடுவே கல் அடித்தளங்கள். கி.மு. 387 வாக்கில் தொடங்கிய இடம் என்று பலகை பார்த்தால்தான் நம்பிக்கை வரும். ஆனால் உட்கார்ந்து படிக்கலாம். யாரும் விரட்ட மாட்டார்கள். அரிஸ்டாட்டிலின் பள்ளியான லைசியம் 1996-இல் அருங்காட்சியகம் கட்டத் தோண்டியபோது அகப்பட்டது. அங்கேயும் அடித்தளம்தான் மிச்சம்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. மொனாஸ்திராகியிலிருந்து தீசியோவுக்குப் போகும் அத்ரியானு தெருவில், வேலிக்கு அப்பால் ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு பள்ளம். மத வழக்குகளை ஏற்றுக்கொண்ட அதிகாரியான அரச ஆர்கோனின் மண்டபம் அங்கேதான் இருந்தது; 1970-இல் கண்டுபிடித்தார்கள். தன்மேல் போட்ட வழக்குக்காக அங்கே வந்த சாக்ரடீஸ், பெற்ற அப்பாமேலேயே வழக்குப் போட வந்த யூதிஃப்ரோவைப் பிடித்து, பக்தி என்றால் என்ன என்று குடைகிறார். பிளேட்டோ எழுதிய அந்த உரையாடலை வேலியோரம் நின்றே படித்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ரயில் குறுக்கிடும், அதுவும் நல்லதுதான். யூதிஃப்ரோவுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

வேற்றுமை எட்டு

நீங்கள் எழுதிய ‘ஊக் ஒய்தா’ அங்கே ‘ஊக் ஈதா’ ஆகிவிடும். மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களில் பழைய உச்சரிப்பை மீட்டெடுத்துப் படிப்பார்கள். கிரேக்க ஆசிரியர்கள் பழைய நூலையும் இன்றைய உச்சரிப்பிலேயே வாசிப்பார்கள். ‘பீட்டா’ ‘வீட்டா’ ஆகும். பழைய நாடகக் கவி கிரத்தினோஸின் ஆடு ‘பே பே’ என்று கத்தும். இன்றைய முறையில் வாசித்தால் ‘வீ வீ’. எந்த ஊர் ஆடு அப்படிக் கத்தும்? ஆனால் இதை முதல் வாரமே வகுப்பில் எழுப்ப வேண்டாம். எங்கள் மொழியை எங்களுக்கே சொல்லித் தருகிறாயா என்ற முகம் நமக்குப் புதிதா என்ன? சொற்கள் காதில் பிடிபட ஒரு மாதம் ஆகும். இப்போதே இரண்டு விதமாகவும் வாய்விட்டுப் படியுங்கள்.

அடிக்குறிப்புப் பிரியன்

வகுப்பில் பக்க எண் சொல்ல மாட்டார்கள். 1578-இல் ஜெனீவாவில் அச்சான பிளேட்டோ பதிப்பின் எண்களைத்தான் சொல்வார்கள். உங்கள் வாக்கியம் 17ஏ. ஓரத்தில் அந்த எண் இல்லாத மலிவுப் பதிப்பைச் சுமந்துகொண்டு போகாதீர்கள். நான் சுமந்தேன்.

பூட்டூர்க்காரி

மூவருக்கும் நன்றி. ‘ஊக் ஈதா’ இன்னும் ஒட்டவில்லை. சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். தண்டவாளச் சேதியை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். 1869-இல் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து தீசியோ வரை போட்ட பாதை, 1895-இல் ஒமோனியா வரை நீண்டது என்று அவரே தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். வேலியோரம் நின்று இரு பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். யூதிஃப்ரோ யார்மேல் வழக்குப் போட்டான் என்பதை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.