டீசல் லாரிக்கு ஆயில் டெஸ்ட்: அஞ்சு வண்டி வச்சிருக்கவருக்குத் தேவையா?

சங்ககிரி_சக்கரம்:
பெரிய கம்பெனிக்காரங்க ஒவ்வொரு தடவை ஆயில் மாத்தும்போதும் பழைய எஞ்சின் ஆயில்ல சாம்பிள் எடுத்து, எந்த உலோகம் தேய்ஞ்சு கலந்திருக்குன்னு பார்க்க லேபுக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்குறாங்க. அஞ்சு வண்டி வச்சிருக்கவங்களும் அதைச் செய்யணும்னு இப்போ பேச்சு. எனக்கு உடன்பாடில்லைங்க. சொன்ன கிலோமீட்டர்ல ஆயிலும் ஃபில்டரும் மாத்தணும், பழைய ஃபில்டரை அறுத்து மடிப்பை விரிச்சுப் பார்க்கணும், டிரெயின் பிளக் காந்தத்துல என்ன ஒட்டியிருக்குன்னு பார்க்கணும். அது போதும். ரிப்போர்ட் வர்றதுக்குள்ள வண்டி வேற மாநிலத்துல ஓடிட்டிருக்கும். வந்தாலும் "இரும்பு 60 பிபிஎம்"னு (பத்து லட்சத்துல 60 பங்கு) எழுதியிருந்தா மேஸ்திரி எதைக் கழட்டுவாரு?

லேப்_மேசை:
ஃபில்டரை அறுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம், அதை விடாதீங்க. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற துகள் ஏறத்தாழ 40 மைக்ரானுக்கு மேல் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உலோகத்தை அளக்கும் லேபின் ஸ்பெக்ட்ரோமீட்டர் பிடிப்பதோ பெரும்பாலும் 5 முதல் 8 மைக்ரானுக்குக் கீழே இருப்பதை. ஃபில்டர் மடிப்பில் பளபளப்பு தெரியும்போது பேரிங்கின் மேல்பூச்சு பெரும்பாலும் போய்விட்டிருக்கும்.

இரும்பு 60 என்பது தனியாக ஒன்றும் சொல்லாது, கூட எது ஏறியிருக்கிறது என்று பாருங்க. சிலிக்கான், அலுமினியம், இரும்பு, குரோமியம் நான்கும் சேர்ந்து ஏறினால் தூசி உள்ளே போய் பிஸ்டன், லைனர், ரிங் மூன்றையும் தேய்க்கிறது. அப்போது எஞ்சினில் கை வைக்க வேண்டாம். ஏர் கிளீனருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள ஹோஸ், அதன் கிளாம்ப், எலிமென்ட் உட்காரும் ரப்பர் விளிம்பு ஆகியவற்றைப் பார்த்தாலே போதும். கம்ப்ரஸர் காற்றால் ஊதி ஊதி எலிமென்ட் பேப்பரில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்றும் உள்ளே விளக்கு விட்டுப் பாருங்க. ஈயமும் தகரமும் செம்பும் சேர்ந்து ஏறினால் பேரிங். ஈயமில்லாத பேரிங் போட்ட எஞ்சின்களும் உண்டு, அங்கே ஈயம் ஏறட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

டர்போ_மேஸ்திரி:
தியரி சரிங்க. பட்டறையில நடக்குறது வேற. புது வண்டி ரிப்போர்ட்ல செம்பு 200 பிபிஎம்னு வருது, பேரிங் போச்சுன்னு சம்பை (எஞ்சின் அடியில ஆயில் நிக்கற தொட்டி) இறக்கச் சொல்றாங்க. அது ஆயில் கூலர் செம்பு ஆயில்ல கரையறது, தேய்மானமே இல்லை. பொட்டாசியம் இருந்தா கூலன்ட் கலந்துடுச்சு, ஹெட் கேஸ்கெட் போச்சுங்கறாங்க. புது இன்டர்கூலர்ல பிரேஸிங் (பற்றவைப்பு) பண்ணும்போது போட்ட ஃப்ளக்ஸ் கழுவிட்டு வந்தாலும் பொட்டாசியம் காட்டும். ஓவர்ஹால் முடிச்சு சிலிக்கோன் பேஸ்ட் போட்டு மூடின எஞ்சின்ல சிலிக்கான் ஏறத்தான் செய்யும். அரைகுறையா ரிப்போர்ட் படிக்கிறவர் நல்ல எஞ்சினைப் பிரிச்சுப் போட்டுடுவாரு.

லேப்_மேசை:
நீங்க சொன்ன மூன்றும் உண்மை. மூன்றையும் பிரித்தறிய ரிப்போர்ட்டிலேயே வழி இருக்கிறது. செம்பு மட்டும் ஏறி ஈயமும் தகரமும் அசையாமல் இருந்தால் கூலர். அடுத்தடுத்த ஆயில் மாற்றத்தில் தானே இறங்கும். ஃப்ளக்ஸ் என்றால் பொட்டாசியத்துடன் அலுமினியமும் வரும், கூலன்டில் இருக்கும் சோடியமும் கிளைக்காலும் இருக்காது, அதுவும் இறங்கிக்கொண்டே போகும். பேஸ்ட் என்றால் சிலிக்கான் ஏறும், அலுமினியமும் இரும்பும் ஏறாது. அதனால்தான் முதல் ரிப்போர்ட்டை வைத்து யாரும் ஸ்பேனர் எடுக்கக் கூடாது. ஒரே வண்டி, ஒரே ஆயில், மூன்று சாம்பிளாவது வேண்டும். உலோக அளவை ஆயில் ஓடிய கிலோமீட்டரால் வகுத்துப் பார்த்தால்தான் ஒப்பீடு செல்லும்.

சங்ககிரி_சக்கரம்:
மூணு சாம்பிளும் ஒழுங்கா எடுக்கணுமே! வடிக்கிற ஆயில்ல கடைசியா சொட்டுறதைப் பழைய தண்ணி பாட்டில்ல பிடிச்சு அனுப்புறாங்க. அடி மண்டிதான் லேபுக்குப் போகுது.

லேப்_மேசை:
அப்படி அனுப்பினால் காசு வீண், மறுக்கவே மாட்டேன். எடுக்க வேண்டிய முறை இது: வண்டி ஓடி வந்து எஞ்சின் சூடாக இருக்கும்போதே, நிறுத்திய சில நிமிடங்களுக்குள் எடுக்கணும். டிப்ஸ்டிக் குழாய் வழியாக வேக்குவம் பம்ப்பின் டியூபை விடணும். டியூபின் நீளத்தை முன்பே டிப்ஸ்டிக்கோடு வைத்து அளந்து வெட்டினால் நுனி சம்பின் தரையைத் தொடாது, ஆயிலின் நடுவில் நிற்கும். ஒவ்வொரு வண்டிக்கும் புது டியூப். லேப் கொடுக்கும் 100–120 மில்லி பாட்டிலைக் கடைசி நொடி வரை திறக்கக் கூடாது. வடித்துத்தான் பிடிக்க முடியும் என்றால் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் விட்டு நடுவில் பிடிங்க.

சீட்டில் வண்டியின் மொத்தக் கிலோமீட்டர், இந்த ஆயில் ஓடிய கிலோமீட்டர், ஆயில் கிரேடு, இடையில் ஊற்றிய அளவு எழுதணும். கடைசியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 30 லிட்டர் சம்பில் 6 லிட்டர் டாப்-அப் ஊற்றினால் ஐந்தில் ஒரு பங்கு புது ஆயில். தேய்மானம் குறைந்ததுபோலப் பொய்யாகக் காட்டும்.

டர்போ_மேஸ்திரி:
இதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. மலிவா இருக்குன்னு விஸ்காசிட்டியும் (ஆயிலோட கெட்டித்தன்மை) உலோகமும் மட்டும் பார்க்கற டெஸ்ட் எடுக்காதீங்க. 15டபிள்யூ-40 ஆயிலோட விஸ்காசிட்டி 100 டிகிரியில 12.5க்கும் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்கும் நடுவுல இருக்கணும். இன்ஜெக்டர் ஒழுகி டீசல் கலந்தா ஆயில் இளகும், கரி சேர்ந்தா கெட்டியாகும். ரெண்டும் சேர்ந்தா நம்பர் 14ல அழகா நிக்கும், "நார்மல்"னு ரிப்போர்ட் வரும், உள்ள பேரிங் தேயும். கரியை இன்ஃப்ராரெட்லயும், டீசலை கேஸ் குரோமட்டோகிராஃபிலயும் அளக்கற லேபாப் பார்க்கணும். பிஎஸ்6 வண்டியில டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) ரீஜெனரேஷனுக்கு, அதாவது சேர்ந்த கரியை எரிக்கறதுக்கு, சிலிண்டருக்குள்ளயே கூடுதலா டீசல் தெளிக்கிற எஞ்சினா இருந்தா இது இன்னும் முக்கியம்.

ஹைவே_கணக்கு:
ஆயில் காலத்தை நீட்டுறதுதானே லாபம்? 2020 ஏப்ரல்லேர்ந்து டீசல்ல கந்தகம் 50 பிபிஎம்லேர்ந்து 10 ஆயிடுச்சு, அமிலம் குறைவு. லிட்டர் 300 ரூபாய்னு வச்சாலும் 30 லிட்டருக்கு 9,000. ரெண்டு மடங்கு ஓட்டினா மிச்சம்தானே?

டர்போ_மேஸ்திரி:
வாரண்டி இருக்கற வண்டியில அந்த எண்ணமே வேண்டாங்க. கந்தகம் குறைஞ்சதால கரியும் டீசலும் கலக்கறது குறையலை.

லேப்_மேசை:
வாரண்டி முடிந்த வண்டியிலும் ஒரேயடியாக இரண்டு மடங்கு கூடாது. சிறிது சிறிதாக நீட்டி ஒவ்வொரு முறையும் சாம்பிள் எடுக்கணும். டிபிஎன் (அமிலத்தை முறிக்கும் திறன்) புது ஆயிலில் இருந்ததில் பாதிக்கு வந்தாலோ, அமில எண் ஏறி டிபிஎன்னைத் தொட்டாலோ அங்கேயே நிறுத்தணும். என்னைக் கேட்டால், 9,000 ரூபாயை மிச்சம் பிடிக்க இந்த டெஸ்ட் வேண்டாம். ஒரு கிளாம்ப் தளர்ந்து முழு லைனர் செட்டும் போவதைத் தடுக்கத்தான் வேண்டும்.

சங்ககிரி_சக்கரம்:
குவாரி டிப்பருக்கும் போர்வெல் ரிக்குக்கும் ஒத்துக்கறேன், அங்க தூசிதான் எமன். ஹைவேயில ஓடற வண்டிக்கு இன்னும் மனசு வரலை. தண்ணி கலந்திருக்கான்னு மட்டும் நானே பார்த்துக்குவேன்: 160 டிகிரி ஹாட் பிளேட்ல ரெண்டு சொட்டு விட்டா படபடன்னு வெடிக்கும்.

லேப்_மேசை:
கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்க. ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் இருந்தால் காட்டிவிடும். ஆனால் நாள் முழுக்க ஓடும் ஹைவே வண்டியில்தான் அது ஏமாற்றும். சம்பின் சூட்டில் கூலன்டின் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், ஹாட் பிளேட்டில் சத்தமே வராது. அதிலிருந்த சோடியமும் பொட்டாசியமும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கும். கூலன்ட் குறைகிறது, வெளியே ஒழுகல் இல்லை என்றால் பிளேட் வெடிக்காவிட்டாலும் அந்த ஒரு வண்டியின் சாம்பிளையாவது அனுப்புங்க.